சிமுலேஷன் மென்பொருளின் நிறுவல் பக்கத்தையும் பிழைச்செய்திகளையும் சீர்செய்வது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு

மூலக்கூறு இயக்கவியலோ பாய்ம இயக்கவியலோ, ஏதோ ஒரு சிமுலேஷன் மென்பொருளை முதல்முறை உங்கள் கணினியில் ஓடவைக்கப் பட்ட பாடு இன்னும் மனதில் பச்சையாக இருக்கிறதா? அப்படியென்றால் அதன் ஆவணத்தைத் திருத்த உங்களைவிடப் பொருத்தமான ஆள் இப்போது வேறு யாரும் இல்லை. அதை எழுதியவர்களுக்கு எல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது, புது ஆள் எங்கே தடுக்கி விழுவார் என்பது அவர்கள் கண்ணில் படாது. இன்னும் சில வாரம் போனால் உங்கள் கண்ணிலும் படாது. அதனால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நானும் ஒரு நிறுவலில் மாட்டி, மீண்டு, அப்புறம் அதன் ஆவணத்தையும் சில பிழைச்செய்திகளையும் திருத்திக் கொடுக்கலாம் என்று போனபோது, எங்கே தொடங்குவது, என்ன கையில் இருக்க வேண்டும், எவ்வளவு நாள் பிடிக்கும் என்று ஓரிடத்தில் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) கொஞ்சம் தெரிந்து, டெர்மினலில் வேலை செய்யப் பயமில்லாமல் இருந்தால் போதும். அந்த மென்பொருளின் உள்ளே இருக்கும் கணிதம் முழுக்கப் புரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

1. முதல் நிறுவலின்போதே எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள்

இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் ஞாபகத்தை நம்பி எழுதுவதாகிவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் 'ஸ்கிரிப்ட்' என்றே ஒரு கமாண்ட் இருக்கிறது. அதை ஓடவிட்டு வேலையைத் தொடங்கினால், நீங்கள் தட்டியதும் திரையில் வந்ததும் ஒரு கோப்பில் சேர்ந்துவிடும். பக்கத்தில் இன்னொரு வெற்றுக் கோப்பைத் திறந்து வையுங்கள். 'இந்த லைப்ரரியை எங்கிருந்து எடுப்பது', 'இது முடிந்துவிட்டதா இன்னும் ஓடுகிறதா', 'இந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ள வேண்டுமா' என்று தோன்றுவதையெல்லாம் நேரத்தோடு அதில் எழுதுங்கள். பின்னால் பார்க்கும்போது அற்பமாகத் தெரியும் இந்தக் கேள்விகள்தான் ஆவணத்தில் விடுபட்டுப் போனவை.

இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: இயங்குதளமும் அதன் பதிப்பும், கம்பைலரின் பெயரும் பதிப்பும், பல புராசஸ்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் லைப்ரரியான எம்பிஐயில் எது (ஓப்பன் எம்பிஐயா, எம்பிச்சா), பைத்தான் பதிப்பு, கிளஸ்டர் (பல கணினிகளை இணைத்த தொகுதி) என்றால் அப்போது ஏற்றியிருந்த மாட்யூல்களின் (தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளும் மென்பொருள்களின்) பட்டியல், மென்பொருளின் எந்தப் பதிப்பு அல்லது எந்தக் கமிட். 'புதியது' என்றோ 'கடைசிப் பதிப்பு' என்றோ எழுதினால் ஆறு மாதம் கழித்து அதற்கு அர்த்தம் இருக்காது, எண்ணைப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவான கோப்பை வெளியே யாருக்கும் அனுப்புமுன் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். பயனர் பெயர், கிளஸ்டரின் உள் முகவரி, லைசென்ஸ் சர்வரின் பெயர், சில சமயம் டோக்கன்கூட அதில் கிடக்கும்.

2. வெற்றுக் கணினியில் இன்னொருமுறை நிறுவிப் பாருங்கள்

உங்கள் கணினியில் எப்போதோ போட்டுவிட்டு மறந்துபோன பொருள்கள் நிறைய இருக்கும். அவற்றின் புண்ணியத்தில் ஓடும் ஒரு கமாண்டை ஆவணத்தில் எழுதினால் அடுத்தவருக்கு ஓடாது. இதில் கோண்டா (பைத்தான் பயனர்களிடம் பரவலான தொகுதி நிறுவி) ஒரு பெரிய கண்ணி. டெர்மினலைத் திறந்ததுமே கோண்டாவின் அடிப்படைச் சூழல் தானாகச் செயல்பாட்டுக்கு வந்துவிடும் கணினிகளில், சிமேக் (கம்பைலுக்குத் தேவையானதைத் தேடி ஏற்பாடு செய்யும் கருவி) போய்த் தேடும்போது கணினியில் உள்ள எச்டிஎஃப்5 (தரவுக் கோப்புகளைப் படித்து எழுதும்) லைப்ரரிக்குப் பதிலாகக் கோண்டாவுக்குள் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கம்பைல் நன்றாகவே முடியும், ஓட்டும்போது விழும். ஏன் விழுந்தது என்று பிழைச்செய்தியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் டாக்கரில் (கணினிக்குள்ளேயே தனித்த ஒரு சூழலை உருவாக்கும் கருவி) ஒரு வெற்று லினக்ஸைத் திறந்து, இப்போதுள்ள ஆவணத்தை வரி வரியாக, ஒன்றையும் சொந்தமாகச் சேர்க்காமல் செய்துபாருங்கள். டாக்கருக்குப் பெரும்பாலும் நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால் பல கிளஸ்டர்களில் அனுமதிக்க மாட்டார்கள். அங்கே, நிர்வாகி உரிமை இல்லாமலே இதே வேலையைச் செய்யும் ஆப்டெய்னர் இருக்கிறதா என்று கேளுங்கள். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டுக்கொண்டு அதற்குள் செய்யலாம், ஆனால் மூலநிரலை விண்டோஸ் டிரைவில் வைத்து அங்கிருந்து கம்பைல் செய்தால் மிகவும் மெதுவாகும். லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையிலேயே வையுங்கள்.

நேரக் கணக்கையும் இந்த ஓட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். ஸ்பாக் மாதிரி தொகுதி நிறுவும் கருவிகளில் எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டினால் மணிக்கணக்கில் போகும், அதை முன்கூட்டியே சொல்லாத ஆவணத்தைப் படிப்பவர் பாதியில் நிறுத்திவிட்டு ஏதோ பிசகு என்று நினைத்துக்கொள்வார். டிஸ்க் எவ்வளவு எடுத்தது, நினைவகம் உச்சத்தில் எவ்வளவு போனது என்பதும் வேண்டும். சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட் நிறைந்த நிரலை எல்லாக் கோர்களிலும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் சொன்னால், நினைவகம் தீர்ந்துபோய் இயங்குதளமே கம்பைலரைக் கொன்றுவிடும். அப்போது திரையில் பெரும்பாலும் 'கில்டு' என்ற வார்த்தையைத் தவிர காரணம் எதுவும் வராது. புதியவருக்கு அது கம்பைலர் பிழை மாதிரி தெரியும், நிரலில் குற்றம் தேடிக்கொண்டிருப்பார். 'ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பதை நான்காகக் குறைத்துப் பாருங்கள்' என்று ஆவணத்தில் ஒரு வரி இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

3. விதிகளையும் காகித வேலையையும் முதலில் முடியுங்கள்

மூலநிரல் கோப்புறையில் பங்களிப்பு விதிகள் என்று ஒரு கோப்பு இருக்கும். பத்து நிமிடம்தான், படித்துவிடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: எந்தப் பிராஞ்சுக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு கமிட்டிலும் 'இது என் வேலை, இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது' என்கிற கையொப்ப வரி வேண்டுமா, இல்லை தனியாக ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா. கையொப்ப வரி என்றால் கிட்டில் ஒரு ஆப்ஷன் கொடுத்தால் தானாகச் சேர்ந்துவிடும். ஒப்பந்தம் என்றால், நீங்கள் ஒரு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ வேலை பார்ப்பவராக இருந்தால், உங்கள் எழுத்துக்கு உரிமை யாருக்கு என்கிற கேள்வி வரும். மேலதிகாரியின் அனுமதியை மின்னஞ்சலிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எல்லாரும் ஒப்புக்கொண்ட திருத்தம் ஒரு கையெழுத்துக்காக நாள்கணக்கில் கிடக்கும்.

பிராஞ்ச் விஷயத்திலும் கவனம். பல திட்டங்களில் நிலைத்த பதிப்புக்கு ஒரு ஆவணத் தளமும், வளர்ச்சிப் பதிப்புக்கு இன்னொன்றும் இருக்கும். நீங்கள் படித்துக் குழம்பியது பழைய பதிப்பின் பக்கமாக இருந்து, புதியதில் ஏற்கெனவே சரிசெய்திருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

4. நிறுவல் பக்கத்தை எழுதுவது

முதலில் ஒரே ஒரு வழி. பெரும்பாலான புதியவர்களுக்குப் பொருந்தும் ஒரு பாதையை ஆரம்பம் முதல் முடிவு வரை எழுதிவிட்டு, ஜிபியு, இன்னொரு கம்பைலர், கிளஸ்டர் எல்லாவற்றையும் தனிப் பக்கங்களுக்குத் தள்ளுங்கள். நான் பார்த்த மோசமான நிறுவல் பக்கங்களில் அநேகமாக எல்லாமே, மூன்றாவது வரியிலேயே 'ஜிபியு இருந்தால் இப்படி, இல்லையென்றால் அப்படி, இன்டெல் கம்பைலர் என்றால் வேறு மாதிரி' என்று பிரிந்துபோனவை. எல்லாம் உண்மைதான், ஆனால் இன்னும் ஒன்றும் தெரியாத ஆளிடம் எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று கேட்பதில் பயனில்லை.

ஒவ்வொரு படியிலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன தட்ட வேண்டும், சரியாகப் போனால் திரையில் என்ன தெரியும், சுமாராக எவ்வளவு நேரம் ஆகும். நடுவில் உள்ளதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சிமேக் ஓடி முடிந்ததும் 'எம்பிஐ கிடைத்தது', 'எஃப்எஃப்டி லைப்ரரி கிடைத்தது' என்று வரும் வரிகளை ஆவணத்தில் அப்படியே காட்டுங்கள். இல்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்று வந்ததைக் கவனிக்காமல் எல்லாரும் தாண்டிப் போவார்கள், அதன் விலையை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுப்பார்கள்.

அப்புறம் அந்த எம்பிஐ கண்ணி. இது அவ்வளவு பரவலானது, அவ்வளவு சத்தமில்லாதது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கணினியில் இரண்டு எம்பிஐ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலைக் கம்பைல் செய்தது எம்பிச்சில், ஓட்டுவது ஓப்பன் எம்பிஐயின் துவக்கக் கமாண்டால். நான்கு புராசஸ் என்று சொல்லி ஓட்டுகிறீர்கள். பெரும்பாலும் பிழை எதுவும் வராது. நான்கு புராசஸும் தனித்தனியாக, 'நான் மட்டும்தான் இருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு, ஒரே சிமுலேஷனை நான்குமுறை ஓட்டும். நான்கும் ஒரே வெளியீட்டுக் கோப்பில் எழுதி அதைச் சிதைக்கும். பயனர் 'நாலு கோர் கொடுத்தும் வேகம் கூடவே இல்லையே' என்று வந்து கேட்பார். இதற்கு ஆவணத்தில் வேண்டியது ஒரு சோதனைப் படி: இரண்டு புராசஸில் ஓட்டிப் பாருங்கள், 'மொத்தப் புராசஸ்: 2' என்று ஒரே ஒரு வரி வர வேண்டும், 'மொத்தப் புராசஸ்: 1' என்று இரண்டு வரி வந்தால் கம்பைல் செய்த எம்பிஐயும் ஓட்டுகிற எம்பிஐயும் வேறு வேறு. மென்பொருள் அந்த வரியை அச்சிடவில்லை என்றால், அச்சிடவைப்பதையே உங்கள் முதல் நிரல் திருத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு உதாரணம் கட்டாயம் வேண்டும். சாதாரண மடிக்கணினியில் ஒரு நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி சின்னதாக ஒரு சிமுலேஷன், அதன் முடிவில் வர வேண்டிய ஓர் எண், உதாரணமாக மொத்த ஆற்றல். அந்த எண்ணைக் கொடுக்கும்போது எத்தனை இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும் என்றும் சொல்லுங்கள். மிதவைப்புள்ளி எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும், புராசஸ்களின் எண்ணிக்கை மாறினாலே கூட்டும் வரிசை மாறிவிடும். பத்து இலக்கத்தை அச்சிட்டு 'இது வர வேண்டும்' என்று மட்டும் எழுதினால், எட்டாவது இலக்கம் வேறாக வந்தவர் நிறுவல் கெட்டுவிட்டதென்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

காப்பி செய்து ஒட்டும்போது கெட்டுப்போகும் விஷயங்களையும் பாருங்கள். கமாண்டுக்கு முன்னால் டாலர் குறி போட்டால் அதுவும் சேர்ந்து வரும். ஸ்பிங்க்ஸ் மாதிரி ஆவணக் கருவிகள், நிரல் கட்டத்துக்கு வெளியே சாதாரண வாக்கியத்தில் எழுதிய இரட்டைக் கோட்டை (--) ஒற்றை நீளக்கோடாகவும், நேர் மேற்கோள்குறியை வளைந்த குறியாகவும் மாற்றிவிடும். பார்வைக்கு அழகாக இருக்கும், டெர்மினலில் ஒட்டினால் ஓடாது. எந்தக் கமாண்டாக இருந்தாலும், ஒரே ஒரு ஆப்ஷனாக இருந்தாலும், நிரல் கட்டத்துக்குள் எழுதுங்கள்.

'மறுபடி முயற்சி செய்யுமுன்' என்று ஒரு சிறு பகுதியும் சேருங்கள். சிமேக் முதல்முறை கண்டுபிடித்ததைத் தன் கேஷில் நினைவில் வைத்துக்கொள்ளும். லைப்ரரியைச் சரியாகப் போட்ட பிறகும் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். பில்ட் கோப்புறையை முழுக்க அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லும் ஒரு வரி, எத்தனையோ கேள்விகளை வராமலே தடுக்கும்.

5. எந்தப் பிழைச்செய்தியை முதலில் எடுப்பது

எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பாதீர்கள். பெரிய மென்பொருளில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பயனர்கள் கேட்ட பழைய கேள்விகளில் போய்த் தேடி, எந்தச் செய்தியை அப்படியே ஒட்டி 'இதற்கு என்ன அர்த்தம்' என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்தாறு செய்திகள்தான் மேலே வரும். அவற்றுக்கு அனுபவசாலிகள் கொடுத்த பதில்களும் அங்கேயே இருக்கும். உங்கள் வேலையில் பாதி, அந்தப் பதிலைச் செய்திக்குள் கொண்டுவருவதுதான்.

நிறுவல் பக்கத்தை ஒருமுறை படிப்பார்கள், கையேட்டைப் படிக்காமலே பலர் காலம் தள்ளுவார்கள், பிழைச்செய்தியை மட்டும் எல்லாரும் படிப்பார்கள், அதுவும் உதவி தேவைப்படும் அதே நொடியில். நேரம் குறைவாக இருக்கிறது, ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் பிழைச்செய்தியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

6. நல்ல பிழைச்செய்தியை எழுதுவது

என்ன நடந்தது, எங்கே (எந்தக் கோப்பு, எந்த வரி, எந்தச் சொல், என்ன மதிப்பு), என்ன எதிர்பார்த்தது, அடுத்து என்ன செய்து பார்க்கலாம். இந்த நான்கும் இருந்தால் செய்தி நல்ல செய்தி. சொல்வது எளிது, நடப்பில் உள்ளவற்றைப் பார்த்தால்தான் பிடிபடும்.

பாய்ம இயக்கவியலுக்கான ஓப்பன்ஃபோமில் ஒரு எல்லை நிபந்தனையின் பெயரைத் தவறாக எழுதினால், அந்தப் பெயர் தெரியாது என்று சொல்வதோடு, செல்லுபடியாகும் பெயர்களின் முழுப் பட்டியலையும், எந்தக் கோப்பில் என்பதையும் அச்சிடும். இது எவ்வளவு பயனுள்ளது என்றால், பயனர்கள் வேண்டுமென்றே அந்த இடத்தில் 'பனானா' என்று எழுதி ஓட்டி, வரும் பட்டியலிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்கிறார்கள். பிழைச்செய்தியே கையேடாகிவிட்டது. உங்கள் மென்பொருளில் குறிப்பிட்ட சில சொற்களை மட்டும் ஏற்கும் உள்ளீடு எதுவானாலும், இதைச் செய்ய முடியும். நிரலில் இரண்டு மூன்று வரிதான் கூடும்.

எலக்ட்ரான் கட்டமைப்பைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெசோவில் உள்ளீட்டுக் கோப்பின் ஒரு பகுதியைப் படிக்க முடியாதபோது, எந்த வரி என்று காட்டிவிட்டு, பிழை அதற்கு முந்தைய வரியிலும் இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லும். ஃபோர்ட்ரானின் நேம்லிஸ்ட் (பெயரும் மதிப்புமாக எழுதும் உள்ளீட்டுப் பகுதி) படிக்கும் முறைக்கு, எங்கே தடுக்கியது என்று துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. முந்தைய வரியில் மூடாமல் விட்ட ஒரு மேற்கோள்குறி அடுத்த வரியில்தான் வெடிக்கும். நிரலால் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் அனுபவசாலிக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூலக்கூறு இயக்கவியலுக்கான லாம்ப்ஸில் புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது சந்திப்பது, அணுக்கள் தொலைந்துவிட்டன, முதலில் இத்தனை, இப்போது இத்தனை என்கிற செய்தி. அது உண்மைதான், ஆனால் அது நோயின் அறிகுறி. காரணம் பல இருக்கலாம்: தொடக்கத்தில் இரண்டு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்திருக்கலாம், எல்லை நிபந்தனை தவறாக இருக்கலாம், காலப்படி (ஒவ்வொரு கணக்கீட்டு அடியிலும் காலம் நகரும் அளவு) பெரிதாக இருக்கலாம். காலப்படியில் ஒரு தனிக் கண்ணி உண்டு. 'ரியல்' அலகுமுறையில் காலம் ஃபெம்டோசெகண்டில், 'மெட்டல்' அலகுமுறையில் பிக்கோசெகண்டில். 'ரியலில்' எழுதிய உதாரணத்தை 'மெட்டலுக்கு' மாற்றும்போது காலப்படியை 1 என்றே விட்டுவிட்டால் ஆயிரம் மடங்கு பெரிதாகிவிடும், அணுக்கள் பெட்டியை விட்டே பறந்துவிடும். அண்மைப் பதிப்புகளில் பல பிழைகளோடு, அந்தப் பிழைக்கான விளக்கப் பக்கத்தின் முகவரியையும் லாம்ப்ஸ் அச்சிடுகிறது. காரணங்கள் நிறைய இருந்தால் செய்தியை நீட்டாமல் இப்படிச் செய்வதுதான் சரி.

நீங்கள் எழுதப்போகும் திருத்தம் இப்படி இருக்கலாம். முன்பு:

'பிழை: தவறான காலப்படி.'

பின்பு:

'பிழை: உள்ளீட்டுக் கோப்பின் 42ஆம் வரியில் காலப்படி 1.0 பிக்கோசெகண்ட் என்று உள்ளது. அணு அளவிலான சிமுலேஷனுக்கு வழக்கமாக 0.001 பிக்கோசெகண்ட் அளவில் இருக்கும். மதிப்பை ஃபெம்டோசெகண்டில் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.'

அலகு இருக்கிறதா பாருங்கள். சிமுலேஷன் மென்பொருளில் அலகில்லாமல் எண்ணை மட்டும் அச்சிடும் பிழைச்செய்தி அரைச்செய்திதான்.

தப்பிக்கும் வழியை முதலில் சொல்லாதீர்கள். இன்னொரு மூலக்கூறு இயக்கவியல் மென்பொருளான குரோமாக்ஸில் தயாரிப்புக் கட்டத்தில் எச்சரிக்கை வந்தால் ஓட்டம் நிற்கும், எச்சரிக்கைகள் பாதகமில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் இன்ன ஆப்ஷனைக் கொடுத்துத் தாண்டலாம் என்றும் செய்தி சொல்லும். அந்த நிபந்தனையைப் புதியவர்கள் படிப்பதில்லை, ஆப்ஷனைத்தான் படிக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது அதை வேறொருவருக்குச் சொல்ல, அது தீர்வாகவே பரவிவிடுகிறது. நீங்கள் எழுதும்போது காரணத்தையும் திருத்தத்தையும் செய்தியில் வையுங்கள், தாண்டிப்போகும் ஆப்ஷனை ஆவணத்தில், அதன் ஆபத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

பயனரைக் குற்றம்சாட்டும் தொனி வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம்.

7. பல புராசஸ்களில் ஓடும்போது வரும் தனிச் சிக்கல்கள்

மடிக்கணினியில் அழகாக வரும் செய்தி, 128 புராசஸில் ஓட்டினால் 128 முறை வரும், ஒன்றோடொன்று கலந்து ஒரு வார்த்தையும் படிக்க முடியாமல். எல்லாப் புராசஸுக்கும் ஒரே நேரத்தில் தெரியவரும் பிழையை ஒன்று மட்டும் அச்சிட வேண்டும். ஏதோ ஒரு புராசஸுக்கு மட்டும் தெரியும் பிழையை அதுவே, தன் எண்ணோடு அச்சிட வேண்டும். லாம்ப்ஸின் நிரலில் இந்த இரண்டுக்கும் தனித்தனி ஃபங்க்ஷன் உண்டு. உங்கள் திட்டத்திலும் அப்படி ஏதாவது இருக்கும், சாதாரண அச்சிடும் கமாண்டைப் போடாமல் அதைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

இதைவிட மோசமானது, பிழையைக் கண்ட புராசஸ் மட்டும் விலகி, மற்றவை அதற்காகக் காத்திருப்பது. எம்பிஐயின் 'அபார்ட்' ஃபங்க்ஷனை அழைத்து மொத்த ஓட்டத்தையும் நிறுத்தாவிட்டால், பிழைச்செய்தி அச்சான பிறகும் வேலை வரிசையில் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே காட்டக்கூடும். 24 மணி நேரம் கேட்டு வாங்கிய 128 கோர் வேலை முதல் நிமிடத்தில் இப்படி முடங்கினால், 3,000 கோர்-மணிக்கு மேல் கணக்கில் கழிந்துவிடும். நிறுத்துவதற்கு முன் வெளியீட்டு பஃபரைக் (எழுதக் காத்திருப்பவை தங்கும் தற்காலிக நினைவகத்தை) காலிசெய்யவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் செய்தி எழுதப்படாமலே போகும். வெளியேறும் குறியீடு பூஜ்யமாக இருக்கக்கூடாது. பூஜ்யம் என்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டு, அடுத்து இதை நம்பி நிற்கும் வேலையையும் வரிசை தொடங்கிவிடும்.

முடிந்தவரை சோதனைகளை ஓட்டத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வெளியீட்டுக் கோப்புறையில் எழுத அனுமதி இருக்கிறதா, கடைசியில் தேவைப்படும் கோப்பு இப்போதே இருக்கிறதா என்பதைப் பன்னிரண்டு மணி நேரம் ஓடிய பிறகு பார்ப்பதில் அர்த்தமில்லை. பிழைச்செய்தியே இல்லாமல் செத்துப்போகும் ஓட்டங்களுக்கு ஆவணத்தில் இரண்டு வரி வையுங்கள்: வெளியேறும் குறியீடு 137 என்றால் வெளியிலிருந்து கொல்லப்பட்டது, பெரும்பாலும் நினைவகம் தீர்ந்ததால். 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டுவிட்டது.

8. எழுதியது பழசாகிப் போகாமல் பார்ப்பது

நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டாலும் சுற்றியிருப்பவை மாறும். 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர், ஃபோர்ட்ரான் ஃபங்க்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகள் அது எதிர்பார்ப்பவற்றோடு பொருந்தாமல் போவதை, அதுவரை எச்சரிக்கையாக விட்டிருந்ததைப் பிழையாக்கியது. 2023இல் பைத்தான் 3.12, தொகுதிகளைக் கட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸை நீக்கியது. 2024இல் பைத்தானின் எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பை 2.0 வந்தபோது, 1.x பதிப்புக்காகக் கம்பைல் செய்த தொகுதிகள் அதோடு ஓடவில்லை. 2025இல் சிமேக் 4.0, 3.5க்கு முந்தைய பதிப்புகளுக்கான இணக்கத்தைக் கைவிட்டது. ஒவ்வொருமுறையும் நேற்றுவரை சரியாக இருந்த நிறுவல் பக்கங்கள் நிறைய ஒரே நாளில் பொய்யாயின.

ஆவணத்தில் உள்ள கமாண்டுகளையே எடுத்து வாரம் ஒருமுறை வெற்றுக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் தானியங்கிச் சோதனை ஒன்றை வையுங்கள். பொதுவில் உள்ள திட்டங்களுக்கு இப்படிச் சோதனைகளை ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸின் வழக்கமான கணினிகள் இலவசம், ஆவணத்தை வெளியிட ரீட் த டாக்ஸ் தளமும் திறமூலத் திட்டங்களுக்கு இலவசம் (விளம்பரம் வரும்). ஜிபியு உள்ள கணினி வேண்டுமென்றால்தான் காசு. ஒன்று கவனியுங்கள்: பொதுத் திட்டத்தில் 60 நாள் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால், நேரம் குறித்து ஓடும் சோதனைகளை கிட்ஹப் தானாக நிறுத்திவிடும். சோதனை பச்சையாக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது ஓடியே மாதக்கணக்காகியிருக்கும்.

பிழைச்செய்திக்கும் சோதனை எழுதலாம். வேண்டுமென்றே தவறான உள்ளீட்டைக் கொடுத்து, செய்தியில் கோப்பின் பெயரும் தவறான மதிப்பும் வருகிறதா என்று பார்த்தால் போதும். முழு வாக்கியத்தையும் ஒப்பிட்டால், ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் சோதனை உடையும்.

9. அனுப்புவதும் காத்திருப்பதும்

ஆவணத் திருத்தத்தையும் நிரல் திருத்தத்தையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தை இணைக்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) கலக்காதீர்கள். ஒரு பக்கம் ஒரு ரிக்வெஸ்ட், ஒரு பிழைச்செய்தி ஒரு ரிக்வெஸ்ட். பராமரிப்பவர்களில் பலர் இதை ஆராய்ச்சி வேலைக்கு நடுவே, கிடைத்த நேரத்தில் செய்கிறார்கள். சின்னதாக இருந்தால் படித்து முடித்துவிடுவார்கள், நாற்பது கோப்பைத் தொட்டிருந்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளி வைப்பார்கள், அது ஞாயம்தான். பெரிய வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் அனுப்பாமல் இருப்பது நல்லது. பழைய செய்தி, புதிய செய்தி, அதை வரவழைக்கும் மிகச் சிறிய உள்ளீட்டுக் கோப்பு, இந்த மூன்றையும் விளக்கத்தில் வைத்தால் அவர்கள் வேலை பாதியாகும். இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

சிலர் 'இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை' என்று சொல்வார்கள். வாதாட வேண்டாம். முதல் படியில் எடுத்த பதிவையும், பழைய கேள்விகளில் அதே இடத்தில் மாட்டியவர்களின் இணைப்புகளையும் கொடுங்கள். திட்டத்தினர் தங்கள் மென்பொருளை ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில் வெளியிட நினைத்திருந்தால் அதையும் நினைவூட்டலாம். அங்கே மதிப்பாய்வாளர்கள் நிறுவல் வழிமுறையும் சார்புப் பட்டியலும் தெளிவாக இருக்கிறதா என்று பட்டியல் வைத்துப் பார்க்கிறார்கள், கட்டணமும் கிடையாது.

இணைப்பதற்கு முன், முடிந்தால் இதுவரை அந்த மென்பொருளைத் தொடாத ஒருவரை உட்காரவைத்து உங்கள் பக்கத்தைப் பார்த்து நிறுவச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறார், எந்த வரியை இரண்டுமுறை படிக்கிறார், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுக்கத் துடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது.

இணைத்த பிறகும் ஒரு சின்ன வேலை உண்டு. வெளியான பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, கமாண்டுகளை அங்கிருந்தே காப்பி செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தேடுபொறியில் தேடினால் பழைய பதிப்பின் பக்கம் மேலே வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால், அந்தப் பக்கத்தின் தலையில் புதியதற்கு ஓர் இணைப்பைப் போடச் சொல்லிக் கேளுங்கள். அதே கேள்வியைக் கேட்டுப் பதில் கிடைக்காமல் கிடக்கும் பழைய இஷ்யூக்களில் (திட்டத்தின் பக்கத்தில் பதிவான சிக்கல்களில்) புதிய பக்கத்தின் முகவரியை இட்டு, இனி மூடலாமா என்று கேட்டுவிடுங்கள்.